அமெரிக்காவில் டிரேட்மார்க், பேட்டன்ட்: மாநிலம் தருவது எது, ஃபெடரல் தருவது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தொழில் தொடங்கும் நம்மவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மாநில அலுவலகம் கொடுத்த ஒரு தாளை வைத்துக்கொண்டு, நாடு முழுக்க அந்தப் பெயர் தங்களுக்குச் சொந்தம் என்று நம்பிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், வாஷிங்டன் வரை போகாமல் எந்த உரிமையும் கிடையாது என்று நினைத்துக் கையில் இருப்பதையும் விட்டுவிடுகிறவர்கள். இரண்டும் சரியில்லை. கீழே சொல்லியிருக்கும் ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின், கட்டணங்கள் 2025 ஜனவரியில் மாற்றப்பட்டவை. விண்ணப்பிக்கும் நாளில் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரேட்மார்க்கும் பேட்டன்ட்டும் ஒன்றுதானே?

இல்லை. டிரேட்மார்க் காப்பது அடையாளத்தை. கடையின் பெயர், லோகோ, பாட்டிலின் தனித்த வடிவம் என, "இது இன்னாருடைய சரக்கு" என்று வாங்குகிறவர் கண்டுகொள்ள உதவும் எதுவும் அதில் வரும். பேட்டன்ட், அதாவது காப்புரிமை, காப்பது கண்டுபிடிப்பை. புதுவிதமாக வேலை செய்யும் ஒரு இட்லி குக்கரை நீங்கள் உருவாக்கினால், அது வேலை செய்யும் விதத்துக்குக் காப்புரிமை, அதை விற்கும் பெயருக்கு டிரேட்மார்க். கதை, பாட்டு, புகைப்படம் இவையெல்லாம் பதிப்புரிமை. அது வேறு சட்டம், இங்கே பேசப்போவதில்லை.

இதில் மாநிலம் எங்கே வருகிறது, ஃபெடரல் எங்கே வருகிறது?

காப்புரிமை முழுக்க ஃபெடரல். கண்டுபிடித்தவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமை தரும் அதிகாரத்தை அமெரிக்க அரசியலமைப்பே நேரடியாக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கொடுத்திருக்கிறது. முதல் காப்புரிமைச் சட்டம் 1790-இல் வந்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று, பொட்டாஷ் தயாரிக்கும் முறைக்காக சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. அதில் ஜார்ஜ் வாஷிங்டனே கையெழுத்துப் போட்டார்.

டிரேட்மார்க் கதை வேறு. 1870-இல் காங்கிரஸ் ஒரு டிரேட்மார்க் சட்டம் போட்டது. 1879-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிரேட்மார்க் கண்டுபிடிப்பும் இல்லை, எழுத்துப் படைப்பும் இல்லை, எனவே அரசியலமைப்பின் அந்தப் பகுதியைக் காட்டி இப்படிச் சட்டம் போட முடியாது என்பது நீதிமன்றத்தின் வாதம். பிறகு காங்கிரஸ் வேறு வழியாக வந்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதற்கு உண்டு. அதை அடிப்படையாக வைத்துத்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கும் லான்ஹம் சட்டம் 1946-இல் வந்தது.

ஆனால் மாநிலங்களின் டிரேட்மார்க் சட்டங்கள் ஒழிக்கப்படவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. கீழே வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) பதிவு செய்தபோது மாநிலம் பெயரை ஏற்றுக்கொண்டது. அப்படியானால் பெயர் என்னுடையதுதானே?

அந்த மாநிலத்தின் நிறுவனப் பட்டியலில் அதே பெயரில் இன்னொரு நிறுவனம் இல்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். எழுத்தர் டிரேட்மார்க் தேடல் எதுவும் செய்திருக்க மாட்டார், பக்கத்து மாநிலத்தைத் திரும்பிப் பார்த்திருக்கவும் மாட்டார். கவுண்டி அலுவலகத்தில் வாங்கும் வணிகப் பெயர்ப் பதிவும் இப்படித்தான், இணைய முகவரி வாங்குவதும் இப்படித்தான். எதுவுமே டிரேட்மார்க் உரிமை தராது.

போர்டு எழுதி, மெனு அச்சடித்து, டப்பாவுக்கு லேபிள் ஒட்டிய பிறகு, பெயரை நிறுத்தச் சொல்லி வக்கீல் கடிதம் வந்தால் "மாநிலமே அனுமதி கொடுத்ததே" என்ற பதில் எடுபடாது. எனவே எல்.எல்.சி. போடுவதற்கு முன்னாலேயே ஃபெடரல் காப்புரிமை, டிரேட்மார்க் அலுவலகமான யுஎஸ்பிடிஓ-வின் (USPTO) இணையத் தேடலில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். அது இலவசம். அதே எழுத்துக் கோர்வையை மட்டும் தேடினால் போதாது, காதுக்கு ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களையும் பாருங்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவதால் இது நமக்கு ரொம்ப முக்கியம்.

எங்குமே பதிவு செய்யாவிட்டால் உரிமையே கிடையாதா?

உண்டு. அமெரிக்காவில் டிரேட்மார்க் உரிமை பிறப்பது பயன்பாட்டில். உண்மையிலேயே அந்தப் பெயரில் வியாபாரம் செய்தால், நீங்கள் வியாபாரம் செய்யும் வட்டாரத்துக்குள் மாநிலப் பொதுச்சட்டப்படி, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக உருவான சட்டப்படி, உரிமை தானாக வருகிறது. பதிவு செய்யாத பெயரையும் ஃபெடரல் நீதிமன்றத்தில் காக்க லான்ஹம் சட்டத்தில் வழி இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், எப்போது தொடங்கினீர்கள், எந்த ஊர்வரை உங்கள் பெயர் போயிருக்கிறது என்பதையெல்லாம் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். முதல் பில், முதல் விளம்பரம், தேதி போட்ட புகைப்படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

மாநிலப் பதிவு மலிவாக இருக்கிறதே, அதுவே போதாதா?

மலிவுதான். ஒரு வகைப் பொருளுக்குக் கலிஃபோர்னியாவில் 70 டாலர், டெக்சஸிலும் நியூயார்க்கிலும் 50 டாலர், ஃபுளோரிடாவில் 87 டாலர் 50 சென்ட். ஃபெடரல் விண்ணப்பத்துக்கு ஒரு வகைக்கு 350 டாலர். பொருள் விவரத்தை அவர்கள் தரும் பட்டியலிலிருந்து எடுக்காமல் சொந்த நடையில் எழுதினால் வகைக்கு இன்னும் 200 டாலர் கூடும்.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் இருக்கிறது. மாநிலப் பதிவு அந்த மாநில எல்லையோடு நின்றுவிடும். ஏற்கெனவே அங்கே பயன்படுத்திவரும் பெயருக்குத்தான் கிடைக்கும். ஃபெடரலில் அப்படியில்லை. இனிமேல் பயன்படுத்தப்போகும் பெயருக்கும் விண்ணப்பிக்கலாம். பதிவு கிடைத்ததும், விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே நாடு முழுக்க உங்களுக்கு முன்னுரிமை இருந்ததாகக் கணக்கு. அந்தப் பதிவை அமெரிக்கச் சுங்கத்துறையிடம் கொடுத்துவைத்தால் துறைமுகத்திலேயே போலிச் சரக்கை நிறுத்துவார்கள். அமேசானின் பிராண்ட் பதிவுத் திட்டத்தில் சேரவும் மாநிலப் பதிவு செல்லாது.

சரி, மாநிலப் பதிவு யாருக்குப் பயன்படும்? ஒரே ஊரில் நடக்கும், வெளியே போகும் எண்ணமே இல்லாத தொழிலுக்கு ஓரளவு. அப்புறம், ஃபெடரல் சட்டம் தடை செய்திருக்கும் பொருளை மாநிலம் அனுமதித்திருந்தால், கஞ்சாக் கடைகளைப் போல, அவர்களுக்கு மாநிலப் பதிவுதான் கதி. மற்றவர்களுக்கு என் யோசனை, 350 டாலரைச் சேர்த்துவைத்து ஃபெடரலுக்கே போங்கள்.

என் கடை ஒரே ஊரில்தான் இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் இல்லையே, ஃபெடரல் பதிவு கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். இல்லினாய்ஸில் ஒரு தேவாலயம் 2005-இல் தன் வாசகம் பொறித்த இரண்டு தொப்பிகளை விஸ்கான்சினில் வசிக்கும் ஒருவருக்கு விற்றது. மொத்தம் 38 டாலர் 34 சென்ட். பின்னாளில் அந்த தேவாலயத்தின் பதிவை அடிடாஸ் எதிர்த்தபோது, அந்த ஒரு விற்பனையே மாநிலம் கடந்த வணிகம்தான் என்று ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் சொன்னது. வெளிமாநிலத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு நீங்கள் விற்ற பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

நான் மாநிலத்தில் பதிந்திருக்கிறேன். இன்னொருவர் அதே பெயரை ஃபெடரலில் பதிந்துவிட்டார். யார் ஜெயிப்பார்கள்?

இதற்கு அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் எல்லோரும் படிக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் மட்டூன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஹூட்ஸ் என்ற குடும்பம் 1957-இல் "பர்கர் கிங்" என்ற பெயரில் உணவகம் திறந்தது, 1959-இல் இல்லினாய்ஸ் மாநிலத்தில் அந்தப் பெயரைப் பதிவும் செய்தது. ஃபுளோரிடாவில் அதே பெயரில் ஒரு நிறுவனம் அதற்கு முன்பே வளர்ந்துகொண்டிருந்தது மட்டூன்காரர்களுக்குத் தெரியாது. ஃபுளோரிடா நிறுவனம் 1961-இல் இல்லினாய்ஸுக்குள் கடை திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அதற்கு ஃபெடரல் பதிவும் கிடைத்தது.

1968-இல் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஹூட்ஸ் குடும்பத்தின் வாதம் எளிமையானது: மாநிலம் எங்களுக்குப் பதிவு கொடுத்திருக்கிறது, எனவே இல்லினாய்ஸ் முழுக்க எங்களுடையது. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபெடரல் பதிவு தந்த நாடு தழுவிய உரிமையை மாநிலப் பதிவால் சுருக்க முடியாது. ஆனால் ஃபெடரல் பதிவுக்கு முன்னால் நல்லெண்ணத்தோடு, மற்றவரைப் பற்றித் தெரியாமல் வியாபாரம் செய்துகொண்டிருந்த இடம் அவர்களுக்கே. முடிவு: மட்டூனைச் சுற்றி 20 மைல் ஹூட்ஸ் குடும்பத்துக்கு, மாநிலத்தின் மீதிப் பகுதி சங்கிலி நிறுவனத்துக்கு. அந்த 20 மைலுக்குள் உலகப் புகழ்பெற்ற பர்கர் கிங் அந்தப் பெயரில் கடை வைக்க முடியாது.

இதில் இரண்டு பக்கமும் பாருங்கள். அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது மாநிலம் கொடுத்த தாள் இல்லை, உண்மையாக நடந்த வியாபாரம். அதே சமயம், அவர்கள் பெயர் அந்த வட்டத்துக்குள் உறைந்துபோனது. இரண்டாவது கிளையைத் தூரத்து ஊரில் திறக்கும் வாய்ப்பு போயே போய்விட்டது. நன்றாக ஓடும் ஒரு தோசைக் கடைக்கு இதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது என்பேன்.

சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அமெரிக்காவிலும் அது தானாகச் செல்லுமா?

செல்லாது. டிரேட்மார்க் நாட்டுக்கு நாடு தனி. இந்தியப் பெயர்களை வைத்தே இரண்டு வழக்குகள் நடந்திருக்கின்றன, இரண்டும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியவை.

முதலாவது புகாரா. டெல்லியில் ஐடிசி நிறுவனத்தின் புகழ்பெற்ற உணவகம். 1980-களில் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் புகாரா திறந்து, 1987-இல் ஃபெடரல் பதிவும் வாங்கினார்கள். நியூயார்க் கடை 1991-இல் மூடப்பட்டது, சிகாகோ உரிமம் 1997-இல் முடிந்தது. 1999-இல் வேறு சிலர் மன்ஹாட்டனில் புகாரா கிரில் திறந்தார்கள். ஐடிசி 2003-இல் வழக்குப் போட்டது. மூன்று ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் பெயரைக் கைவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படியே பதிவு போய்விட்டது. வெளிநாட்டில் புகழ்பெற்ற பெயருக்குத் தனிச் சலுகை ஃபெடரல் சட்டத்தில் இல்லை என்று இரண்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007-இல் சொன்னது. பிறகு நியூயார்க் மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்திடம் கேட்டது. அங்கே ஒரு கதவு திறந்தது: நியூயார்க்கின் நியாயமற்ற போட்டிச் சட்டப்படி வழக்குப் போடலாம், ஆனால் எதிராளியின் வாடிக்கையாளர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் டெல்லி உணவகத்தையே நினைக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். ஐடிசியால் அதைக் காட்ட முடியவில்லை. ஃபெடரல் மூடிய கதவை மாநிலம் திறந்துவைத்த நல்ல உதாரணம் இது, உள்ளே போகத்தான் ஆதாரம் போதவில்லை.

மேற்குக் கரையில் நிலைமை கொஞ்சம் வேறு. கலிஃபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாவது சர்க்யூட், புகழ்பெற்ற வெளிநாட்டுப் பெயருக்கு விதிவிலக்கு உண்டு என்று 2004-இல் ஏற்றிருக்கிறது.

இரண்டாவது தம்ஸ் அப், லிம்கா. இந்தியாவில் இவை கோகோ-கோலாவின் பெயர்கள். அமெரிக்காவில் மீனாக்ஸி என்ற நிறுவனம் இரண்டையும் 2012-இல் தன் பெயரில் பதிந்து, இந்திய மளிகைக் கடைகளுக்கு விற்றது. கோகோ-கோலா ரத்து கேட்டது, டிரேட்மார்க் வாரியமும் ரத்து செய்தது. ஆனால் 2022-இல் ஃபெடரல் சர்க்யூட் அதைத் திருப்பிவிட்டது. அமெரிக்காவில் விற்பனை இழப்போ, இங்கே இருக்கும் நற்பெயருக்குப் பாதிப்போ நடந்ததாகக் கோகோ-கோலா காட்டவில்லை என்பதே காரணம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பெயரெடுத்த குடும்பத் தொழில் ஒன்று அமெரிக்கா பக்கம் வர நினைக்கும்போதே விண்ணப்பம் போட்டுவிடுவது நல்லது. இந்தியாவில் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் இங்கேயும் விண்ணப்பித்தால் இந்தியத் தேதியே முன்னுரிமைத் தேதியாகும். அமெரிக்காவுக்கு வெளியே வசிப்பவர் என்றால், இங்கே உரிமம் பெற்ற வக்கீல் மூலமாகத்தான் டிரேட்மார்க் விண்ணப்பம் போட முடியும். 2019 ஆகஸ்ட் முதல் இது கட்டாயம்.

தமிழ்ச் சொல்லைப் பெயராக வைத்தால் பதிவு எளிதாகக் கிடைக்குமா?

பரிசோதகருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வேற்றுமொழிச் சொல் என்றால் அதன் பொருளை விண்ணப்பத்தில் எழுதச் சொல்வார்கள். அதன் பிறகு அந்த ஆங்கிலப் பொருளையே பெயராக எடுத்துக்கொண்டு பரிசோதிக்க முடியும். சாப்பாட்டுப் பொருளுக்கு "ருசி" என்று பெயர் வைத்தால், பொருளை வருணிக்கும் சொல் என்று மறுக்க இடமிருக்கிறது. "மிளகாய்ப் பொடி" என்பது மிளகாய்ப் பொடிக்குப் பெயராகவே ஆகாது. வெறும் குடும்பப் பெயராகத் தோன்றும் பெயர்களுக்கும் தடை உண்டு.

பொருளோடு சம்பந்தமே இல்லாத சொல், அல்லது நீங்களே உருவாக்கிய சொல்தான் வலுவானது. ஊறுகாய்க்கு "குறிஞ்சி" என்று வைத்தால், மலைக்கும் பூவுக்கும் ஊறுகாய்க்கும் தொடர்பில்லாததால் நல்ல பெயர், வேறு யாரும் முந்தாமல் இருந்தால். வருணிக்கும் பெயரைப் பல ஆண்டு பயன்படுத்தி மக்கள் மனதில் உங்கள் அடையாளமாகவே ஆக்கிவிட்டால் அப்போது பதிவு கிடைக்கும். அதுவரைக்கும் துணைப் பதிவேட்டில் இடம் தருவார்கள்.

வட்டத்துக்குள் ஆர் எழுத்தை எப்போது போடலாம்?

ஃபெடரல் பதிவு கைக்கு வந்த பிறகு மட்டும். விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலோ, மாநிலப் பதிவு மட்டும் இருந்தாலோ டி.எம். என்று போடலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ஒருமுறை பதிந்தால் நிரந்தரமா?

பயன்படுத்தும்வரை, பராமரிக்கும்வரை. ஃபெடரல் பதிவில் ஐந்தாவது ஆண்டுக்கும் ஆறாவது ஆண்டுக்கும் இடையில், இன்னும் பயன்படுத்துகிறேன் என்று ஆதாரத்தோடு அறிக்கை தர வேண்டும். பிறகு 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாநிலங்களில் காலம் மாறும். கலிஃபோர்னியா, டெக்சஸ், ஃபுளோரிடாவில் 5 ஆண்டு, நியூயார்க்கில் 10.

மாநில அரசிடம் காப்புரிமை வாங்க முடியுமா?

முடியாது. மாநிலம் மறைமுகமாக அதே மாதிரி ஒன்றைக் கொடுக்கவும் முடியாது. 1980-களில் ஃபுளோரிடா ஒரு சட்டம் போட்டது: ஒருவர் செய்த படகின் அடிப்பகுதியை அப்படியே அச்சு எடுத்து நகல் செய்யக்கூடாது. காப்புரிமை வாங்காத படகுகளுக்கும் அந்தப் பாதுகாப்பு. பொனிட்டோ என்ற படகு நிறுவனம் அந்தச் சட்டத்தை வைத்து தண்டர் கிராஃப்ட் மீது வழக்குப் போட்டது. 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. காப்புரிமை இல்லாமல் பொதுவெளியில் விற்கப்படும் ஒன்றை நகல் செய்யும் சுதந்திரமும் ஃபெடரல் காப்புரிமை முறையின் ஒரு பகுதிதான், மாநிலம் அதில் கை வைக்கக்கூடாது என்றது. படகு வடிவத்துக்கென்று காங்கிரஸே 1998-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

காப்புரிமை எவ்வளவு காலம், எவ்வளவு செலவு?

பயன்பாட்டுக் காப்புரிமை, அதாவது ஒன்று வேலை செய்யும் விதத்துக்கானது, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. வடிவமைப்புக் காப்புரிமை, அதாவது பொருளின் தோற்றத்துக்கானது, வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு. பயன்பாட்டுக் காப்புரிமைக்கு விண்ணப்பம், தேடல், பரிசோதனை மூன்றும் சேர்த்து அரசுக் கட்டணம் சுமார் 2,000 டாலர். சிறு நிறுவனங்களுக்கு அதில் 60 சதவீதம் தள்ளுபடி, வருமான வரம்புக்குள் இருக்கும் மிகச் சிறியவர்களுக்கு 80 சதவீதம். கிடைத்த பிறகு மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் உண்டு. வக்கீல் செலவு இதையெல்லாம்விடப் பெரியது.

கையில் காசு குறைவு என்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துவைக்கலாம். 325 டாலர், மிகச் சிறியவர்களுக்கு 65. அதை யாரும் பரிசோதிக்க மாட்டார்கள். 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போடாவிட்டால் அந்தத் தேதி கைநழுவும். இரண்டு பக்கத்தில் மேலோட்டமாக எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் விவரமாக எழுதாத எதற்கும் அந்தத் தேதி கிடைக்காது.

கண்டுபிடிப்பை ஏற்கெனவே யூடியூபில் காட்டிவிட்டேன். இனி வழியில்லையா?

அமெரிக்காவில், நீங்களே வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் பிழைக்கலாம். ஆனால் 2013 மார்ச் 16 முதல் முதலில் விண்ணப்பிப்பவருக்கே முன்னுரிமை, எனவே ஓராண்டு இருக்கிறது என்று காத்திருப்பது ஆபத்து. இந்தியாவில் இப்படிப் பொதுவான சலுகைக் காலம் இல்லை. அங்கேயும் காப்புரிமை வேண்டுமென்றால், வீடியோவுக்கு முன்னால் விண்ணப்பம்.

ஐடி கம்பெனியில் வேலை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து செய்த கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் மாநிலச் சட்டம் காப்புரிமைக்குள் நுழைகிறது. காப்புரிமையைத் தருவது ஃபெடரல். அது யாருடையது என்பது பெரும்பாலும் ஒப்பந்தக் கேள்வி, ஒப்பந்தம் மாநிலச் சட்டத்தின் கீழ் வருவது. அடிப்படையில் கண்டுபிடித்தவரே உரிமையாளர். ஆனால் வேலையில் சேரும் நாளில் கையெழுத்துப் போடும் கட்டுக்குள், கண்டுபிடிப்புகளைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கும் தாளும் இருக்கும். பலரும் படிப்பதே இல்லை.

கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம், 2870-ஆம் பிரிவு, ஊழியருக்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. முழுக்கச் சொந்த நேரத்தில், கம்பெனியின் கருவியோ வசதியோ ரகசியமோ தொடாமல் செய்ததைக் கம்பெனி பிடுங்க முடியாது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும். விலக்கு இரண்டு: கம்பெனியின் தொழிலோடும் ஆராய்ச்சியோடும் தொடர்புள்ளது, கம்பெனிக்காகச் செய்த வேலையிலிருந்து பிறந்தது. முதல் விலக்கு அகலமானது. பல துறைகளில் கால் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு "தொடர்பில்லாதது" என்று காட்டுவது கஷ்டம். வாஷிங்டன், இல்லினாய்ஸ், மினசோட்டாவிலும் இதே போன்ற சட்டங்கள் உண்டு, நியூயார்க் 2023-இல் சேர்ந்தது. டெக்சஸ் போன்ற பல மாநிலங்களில் ஊழியருக்கு இந்த வேலி இல்லை, தாளில் இருப்பதுதான்.

தாளில் இருக்கும் ஒரு சொற்றொடர் எவ்வளவு கனமானது என்று பார்க்க 2011-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் மருந்து நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு போதும். ஓர் ஆய்வாளர் பல்கலைக்கழகத்திடம் "எழுதித்தர ஒப்புக்கொள்கிறேன்" என்று கையெழுத்திட்டிருந்தார். பிறகு வேறொரு நிறுவனத்தின் ஆய்வகத்துக்குப் போனபோது "இதன்மூலம் எழுதித்தருகிறேன்" என்றிருந்த தாளில் கையெழுத்திட்டார். பின்னாளில் அந்த உரிமை ரோஷ் கைக்கு வந்தது. பல்கலைக்கழகத்தால் ரோஷை வெல்ல முடியவில்லை.

உங்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீர்கள். சேரும்போதே, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் கண்டுபிடிப்புகளை எழுதச் சொல்லும் பக்கத்தை வெறுமையாக விடாதீர்கள்.

பாட்டி வைத்தியத்துக்குக் காப்புரிமை வாங்கலாமா? வேறு யாராவது வாங்கிவிட்டால்?

ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்குக் காப்புரிமை இல்லை. 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சளைக் காயத்துக்குப் போடுவதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நம் வீடுகளில் குழந்தைகள் விழுந்து எழுந்தால் செய்வதற்கு! இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் 1996-இல் அச்சில் இருந்த பழைய ஆதாரங்களைக் கொடுத்து மறுபரிசோதனை கேட்டது. 1997-இல் காப்புரிமை போனது. எதிர்த்துப் போராட அச்சிட்ட ஆதாரம் கையில் வேண்டும் என்று கற்றுக்கொண்டுதான் இந்தியா பாரம்பரிய அறிவுக்கான மின்நூலகத்தைத் தொடங்கியது. தமிழில் இருக்கும் சித்த மருத்துவ நூல்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கப் பரிசோதகர்களும் அதைப் பார்க்க முடியும்.

எங்கள் மசாலாக் கலவையை எப்படிக் காப்பது?

பெரும்பாலும் வணிக ரகசியமாக. சமையல் கலவைக்குக் காப்புரிமை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் செய்முறையை ஊரறிய எழுதியாக வேண்டும். ரகசியத்தை மாநிலச் சட்டம் காக்கலாமா, அது காப்புரிமைச் சட்டத்தோடு மோதாதா என்ற கேள்விக்கு, மோதாது என்று உச்ச நீதிமன்றம் 1974-இலேயே பதில் சொல்லிவிட்டது. 2016 முதல் ஃபெடரல் சட்டமும் சேர்ந்து நிற்கிறது. ஒரே நிபந்தனை, ரகசியமாக வைக்க நீங்கள் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். சமையலறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் அளவு தெரியும், யாரிடமும் ஒப்பந்தம் வாங்கவில்லை என்றால் நீதிமன்றத்தில் நிற்காது. இன்னொருவர் தானே சுவைத்துப் பார்த்து அதே கலவையைக் கண்டுபிடித்தால் தடுக்கவும் முடியாது.

காப்புரிமையை மீறிவிட்டதாக மிரட்டல் கடிதம் வந்திருக்கிறது. பணம் கட்டிவிடவா?

உடனே கட்டாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். எந்தக் காப்புரிமை, உங்களுடைய எந்தப் பொருள், எப்படி மீறல் என்று சொல்லாமல் பொத்தாம் பொதுவாகச் சின்னத் தொழில்களுக்குக் கடிதம் அனுப்பிப் பணம் கறப்பவர்கள் உண்டு. இதைத் தடுக்க வெர்மான்ட் மாநிலம் 2013-இல் முதல் சட்டம் போட்டது, பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் புகார் செய்யலாம். காப்புரிமை வழக்கு ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மட்டுமே போகும். டிரேட்மார்க் வழக்கை மாநில நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகைக் கடிதம் இன்னும் மோசம். டிரேட்மார்க் விண்ணப்பம் பொதுப் பதிவு, எனவே போட்ட சில நாளில் அரசு முத்திரை மாதிரி ஒன்றோடு பில் வரும், போன் வரும். உண்மையான அலுவலகத்தின் மின்னஞ்சல் யுஎஸ்பிடிஓ டாட் கவ் என்றே முடியும். சந்தேகம் வந்தால், கடிதத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, அலுவலகத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். வீட்டு முகவரி பொதுவில் தெரிய வேண்டாம் என்றால் அஞ்சல் முகவரியைத் தனியாகக் கொடுங்கள். வசிக்குமிட முகவரியை மறைத்துவைப்பார்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லை. என்ன செய்வது?

அமெரிக்காவில் வசிப்பவர் டிரேட்மார்க் விண்ணப்பத்தைத் தானே போடலாம், கவனமாக இருந்தால் முடியும். காப்புரிமையைத் தனியாக முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உரிமையின் எல்லையைத் தீர்மானிக்கும் கோரிக்கை வாசகங்களை எழுதுவது தனித் திறமை, அதில் ஒரு சொல் தவறினால் பின்னால் திருத்துவது கடினம். குறைந்த வருமானமுள்ள கண்டுபிடிப்பாளர்களுக்கு இலவசமாக வக்கீலைச் சேர்த்துவைக்கும் திட்டம் நாடு முழுக்க இருக்கிறது. சில சட்டக் கல்லூரிகளில் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே டிரேட்மார்க், காப்புரிமை விண்ணப்பங்களை இலவசமாகச் செய்துதருகிறார்கள், ஃபெடரல் அலுவலகத்தின் அங்கீகாரத்தோடு. இரண்டின் பட்டியலும் அந்த அலுவலகத்தின் தளத்தில் கிடைக்கும். அரசுக் கட்டணத்தை மட்டும் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிவரலாம், அதனால் பொருளை விற்கத் தொடங்கும் முன்பே எழுதிப் போடுங்கள்.